காண்பவர் கடன்

இயற்கையழகைக் கண்டு மகிழ்வதில் குற்றம் ஏதேனும் உண்டோ? இல்லையென்றே எவரும் விடையிறுப்பர். மலையும் ஆறும் பிறர் கைப்பொருளைக் குறைத்து இன்பம் தருவதில்லை. ஆதலின் அவ்வின்பம் மாசற்றது என்பது பொதுவான எண்ணம். இமயமலையடிவாரத்து இராம்நகருக்குச் செல்பவர், சற்றே நின்று சிந்திப்பாராயின், இவ்வெண்ணம் தடுமாறக் காண்பார்.

உத்தரகாண்ட் மாநிலத்தில் கோசி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் அது. ஒருபுறம் குமாவோன் மலைகள்; மறுபுறம் சால் மரங்கள் அடர்ந்த கார்பெட் புலிகள் காப்பகம். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவானது இங்கேதான். புலிகள் பாதுகாப்புத் திட்டமும் 1973 ஏப்ரல் முதல் நாள் இக்காட்டிலேயே தொடங்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு 260 புலிகள் உள்ளன. இந்தியக் காப்பகங்களுள் இதுவே மிகுதியான தொகை. அருகிவந்த ஓர் உயிரினம் இவ்வாறு பெருகியமை போற்றத்தக்கதே, அதில் ஐயமில்லை.

விடியற்காலையில் ஜீப் வண்டிகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு காட்டினுள் புகுகின்றன. திடீரென மான் அலறுகிறது. புலி அருகில் உள்ளது என்பதற்கு அதுவே அறிகுறி. வண்டி நிற்கிறது; நெஞ்சு படபடக்கிறது. அந்த அச்சத்தையே அவர்கள் பணங்கொடுத்துப் பெறுகின்றனர். காட்டோரத்தில் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் சென்ற பெண்ணுக்கும் அவ்வலறல் கேட்கிறது. அவளுக்கு வண்டியுமில்லை, வழிகாட்டியுமில்லை. புலியைக் காணாத பயணி ஏமாற்றத்தோடு திரும்புகிறார். காணாத பெண்ணோ நிம்மதியோடு வீடு சேர்கிறாள். 2010ஆம் ஆண்டின் இறுதியில் இராம்நகரை அடுத்த சுந்தர்கால் என்னும் சிற்றூரில் அவ்வாறு சென்ற பெண்கள் சிலர் வீடு சேரவில்லை.

இதற்காகப் புலியைப் பழித்தல் தகுமா? அக்காட்டை நன்கறிந்த ஜிம் கார்பெட் வேறு விதமாகக் கண்டார். 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் அவர் சுட்டு வீழ்த்தியபோது, அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் சிதைந்திருந்தன. முன்னொரு நாள் எவனோ சுட்ட குண்டின் விளைவு அது. இயல்பான இரையைப் பற்ற இயலாத விலங்கு மனிதனை நாடியது. சுட்டவன் எங்கோ இருந்தான். உயிர் கொடுத்தவர்கள் மலைக்கிராமத்து ஏழைகள்.

பயணிகளின் பணத்தால் இராம்நகரில் ஓட்டுநரும் வழிகாட்டியும் விடுதிப் பணியாளரும் பிழைக்கின்றனரே எனலாம். உண்மைதான். உயிரிழந்தோர் குடும்பத்துக்கு அரசு இழப்பீடும் தருகிறது. ஆயினும் புல்லறுக்கும் பெண்ணின் அன்றாட அச்சத்துக்கு விலை குறிப்பவர் யார்? புலி வாழவேண்டும் என்று தொலைநகரில் இருந்துகொண்டு விரும்புதல் எளிது. அவ்விருப்பத்தின் சுமையை நாள்தோறும் தாங்குபவள் வேறொருத்தி. ஓட்டுநரிடம் “புலி வருமா?” என்று கேட்கும் பயணி, அவளுக்கு அடுப்பெரிக்க வேறு வழி உண்டா என்றும் கேட்கக் கடமைப்பட்டவர் அல்லரோ?

காலாடுங்கியில் கார்பெட் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அதனருகே சோட்டி ஹல்த்வானி என்னும் கிராமம் உள்ளது. காட்டு விலங்குகள் உழவரின் பயிரை அழிக்காதிருக்க அவ்வூரைச் சுற்றி அவர் நெடிய கல்மதில் ஒன்று எழுப்புவித்தார். அதன் பகுதிகள் இன்னும் வயலோரத்தில் நிற்கின்றன.