அம்மனும் வந்தவள்தான்

(தம்பிலுவில் கண்ணகி அம்மன் ஆலய வைகாசிச் சடங்கில் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து)

அம்மாமாரே, ஐயாமாரே, முன்னுக்கு வாங்க. கடலைக்காரரிட்ட நிற்கிற தம்பிமாரும் வாங்க. கடலை எங்கேயும் ஓடாது!

நம்மட அம்மன் ஆர்? பூம்புகாரிலே வளர்ந்தவள். பிழைக்கவென்று புருஷனோட மதுரைக்கு நடந்தவள். கண்ணகி வழக்குரையிலே வழிநடைக் காதை படிக்கிற நேரம் அழுறீங்களே, அந்தக் கால் கொப்பளத்துக்குத்தானே அழுறீங்க? ஆயர்சேரியிலே ஒரு இடைச்சி வாசலைத் திறந்தாள். 'என்ன குடி?' என்று படலையிலே நிறுத்தி வைக்கவில்லை.

இப்படி நடந்த பெண்கள் நம்மட பக்கத்திலும் இருந்தாங்க. 1949இலே கல்லோயாத் திட்டம். நம்மட பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையிலே மறிச்சாங்க. 4 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேட்டுக்காணி என்றதும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் குடியேறப் போனாங்க. புருஷன் காடு வெட்டினான் என்றுதான் கதை சொல்லுவீங்க. வெட்டின காட்டிலே அடுப்பு மூட்டினது ஆர்? பரணிலே யானைக் காவல் இருக்கிறவனுக்குச் சோறு கொண்டுபோனது ஆர்? ஒரு கையிலே பந்தம், இடுப்பிலே புள்ளை. புள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூரையிலே வேப்பிலை செருகி இந்த அம்மனைத்தான் கூப்பிட்டாள்.

இன்னொன்று கேளுங்க. நம்மட ஊரிலே வீடு வளவு மகளுக்குச் சீதனம். அந்தக் குடியேற்றக் கொலனியிலே காணிப் பெர்மிட் புருஷன்ட பேரிலே இருந்திச்சு. அவன் ஆரையும் எழுதி வைக்காமல் கண்ணை மூடினால், 1935ஆம் ஆண்டுக் காணிச் சட்டப்படி, 2022இலே அதைத் திருத்தும் வரைக்கும், உரித்திலே மகளுக்கு முன்னால மகன்தான் நின்றான்! மகன் இருந்தால், முழங்கால் சேற்றிலே நின்று களை பிடுங்கின மகளுக்கு ஒரு பிடி மண் இல்லாமல் போச்சு. அது அநியாயம். கோயிலிலே நின்றுதான் சொல்றேன், அநியாயம்.

1956 யூனிலே அந்தக் கல்லோயாவிலே கலவரம். வெட்டினாங்க, எரிச்சாங்க. விதைநெல்லை மூட்டையோட விட்டுட்டு, புள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் தமிழ்த் தாய்.

இப்படி வெளியிலிருந்து வர்ற ஆக்களைப் பார்த்து நீங்க இப்பவும் 'வந்தான் வரத்தான்' என்று சொல்லுறீங்க! தங்கவேலாயுதபுரம் பக்கமிருந்து ஒருத்தி வந்து உங்கட கிணற்றடியிலே குடத்தோட நின்றால், 'நீங்க ஆர்ர ஆக்கள்?' என்று கேட்கிறீங்க. 2004 மார்கழியிலே கடல் வந்த அன்று, பாய் இல்லாமல் பள்ளிக்கூடத்திலே படுத்தது மறந்துபோச்சா? அம்மனும் வந்தவள்தான். திரும்பச் சொல்றேன், அம்மனும் வந்தவள்தான். தங்கச்சி, நீயும் சொல்லு. சத்தமாச் சொல்லு!

சரி, வழக்குரை படிக்கிற ஐயா ஏட்டை விரிச்சிட்டார். இன்றைக்கு அடைக்கலக் காதை. அவர் தொடங்க முன்னம், அந்த ஓரத்திலே நிற்கிற குடும்பத்துக்கு ஆராவது பாய் எடுத்துக் கொடுங்க.