போக ஓர் இடம்

சார்பதிவாளர் அலுவலகங்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. அண்ணன் தம்பிகள் பத்திர எழுத்தரிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்த அக்காவோ தங்கையோ ஆதார் அட்டையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டதும் எழுந்துபோய் கேமராவைப் பார்ப்பாள், விரல் ரேகை வைப்பாள், தன் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். "அதான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பது வீட்டார் சொல்லும் நியாயம். அவள் கணக்கு வேறு. நாளைக்கு ஒன்று என்றால் வந்து நிற்கப் பிறந்த வீடு வேண்டும். பங்கு கேட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

பலருக்கு அந்த நாளும் வருகிறது. கன்னம் வீங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அம்மா அழுதுகொண்டே சோறு போடுகிறாள். ரெண்டு நாள் போனதும், "அனுசரிச்சுப் போம்மா" என்று பஸ் ஏற்றிவிடுகிறார்கள். அவள் திரும்பி வந்ததை அடித்தவன் பார்க்கிறான்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் வாய்திறக்கவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளைத்தான் கேட்கிறோம். சொல்லிவிட்டு எங்கே போவாள்?

பொருளியலாளர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். தன் பேரில் நிலம் இருந்தவர்களில் 18, வீடு இருந்தவர்களில் 10, இரண்டும் இருந்தவர்களில் 7. குடியையும் கோபத்தையும் எவ்வளவோ பேசிவிட்டோம். இவளுக்குப் போக்கிடம் இல்லை என்ற தைரியத்தில்தான் கை ஓங்குகிறது. போய்விடுவாள் என்று தெரிந்தால் அந்தக் கை தயங்குகிறது.

பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. நாடு முழுமைக்கும் அது 2005-இல் வந்தது. அதே ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் கொடுத்தது. சட்டம் கொடுத்ததைப் பாசத்தின் பேரில் வாங்கிக்கொள்வது நாம்தான்.

மகளுக்குப் பவுன் சேர்க்கும் அப்பாக்களே, அந்தப் பணத்தில் அரை கிரவுண்டு மனையாவது அவள் பேரில் பதிவுசெய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியும்படி செய்யுங்கள். நகையைக் கழற்றி வாங்கி அடகு வைத்துவிடலாம். மனையை விற்க அவள் கையெழுத்து வேண்டும்.