கூட வந்த மற்றப் படகுகள்

மாற்கு எழுதிய நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் ஒரு சின்னத் தகவல் இருக்கிறது. பிரசங்கங்களில் அது பெரும்பாலும் காதில் விழுவதில்லை. மாலை நேரம். இயேசுவும் சீடர்களும் ஏரியின் அக்கரைக்குப் படகில் கிளம்புகிறார்கள். அவர்களோடு வேறு படகுகளும் போகின்றன. நடுவழியில் புயல் பிடிக்கிறது, அலை உள்ளே ஏறுகிறது, தலையணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரைப் பதறி எழுப்புகிறார்கள். அவர் அதட்டியதும் காற்று அடங்குகிறது. கதை முடிந்தது. கூட வந்த படகுகள் என்ன ஆயின என்று மாற்கு சொல்லவே இல்லை. இதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் அந்தப் படகுகளைக் கதையில் சேர்க்கவே இல்லை.

அந்தச் சீடர்களில் ஒருவரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். வட சென்னை ராயபுரத்தில் இருக்கும் ராயப்பர் கோயில், அலையில் படகு தள்ளிப் பிழைத்த சமூகத்தார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியது. அந்தப் பரம்பரையில் வந்த ஒருவர் பூசையில் உட்கார்ந்து இந்தப் பகுதியைக் கேட்கும்போது, சீடர்களின் விசுவாசக் குறைவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மற்றப் படகுகளைப் பற்றி யோசித்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. கடலுக்குப் போகிறவர்களின் முதல் கேள்வியே அதுதானே.

நாலைந்து சிறு படகுகள் சேர்ந்து கிளம்பும்போது, ஒரு படகில் இருப்பவருக்கு அடுத்த படகின்மேல் என்ன கடமை? அது இரக்கமா, ஒப்பந்தமா, அறமா? இரக்கம் என்றால் வந்தால் வரும், வராவிட்டால் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தம் என்றால் அதற்கு வரம்பு உண்டு. அறம் என்றால் அது எங்கே போய் நிற்கும்? கூட்டாகப் படகுப் பயணம் திட்டமிடுகிறவர்கள் சாப்பாடு, பெட்ரோல், கூடாரம், திரும்பும் நேரம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை. சிநேகிதர்கள்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

சிறு படகுக் கூட்டங்கள் விரும்பிப் போகும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் பவல் ஏரி. யூட்டாவும் அரிசோனாவும் சேரும் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றைக் கிளென் கேன்யன் அணை தடுத்ததால் உண்டான நீர்த்தேக்கம் அது. 1963-இல் தண்ணீர் தேங்கத் தொடங்கியது, நிறைய 1980 வரை ஆயிற்று. நிறைந்தால் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இரு பக்கமும் செங்குத்துப் பாறை, ஏராளமான கிளைப் பள்ளத்தாக்குகள். ஒரு வளைவு தாண்டினால் பின்னால் வருகிற படகு கண்ணில் படாது.

ஏரிக்கு வைத்த பெயரிலேயே ஒரு கூட்டுப் படகுப் பயணம் இருக்கிறது. 1869 மே 24 அன்று ஜான் வெஸ்லி பவல் 4 படகுகளும் தன்னையும் சேர்த்து 10 ஆட்களுமாக, இந்த ஆற்றில் கலக்கும் கிரீன் ஆற்றில் இறங்கினார். முன்னே போகும் படகில் அவர் இருப்பார், ஆபத்து தெரிந்தால் கொடி அசைப்பார், பின்னே வருபவை கரை ஒதுங்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஜூன் மாதம் ஓரிடத்தில் ஓரமெல் ஹௌலண்ட் ஓட்டிய படகு ஒதுங்க முடியாமல் அருவி போன்ற நீரோட்டத்தில் சிக்கி உடைந்தது. ஆட்கள் பிழைத்தார்கள், அதில் இருந்த சாப்பாட்டு மூட்டைகள் போயின. கொடி காட்டியும் ஹௌலண்ட் கவனிக்கவில்லை என்பது பவலின் மனக்குறை. ஆகஸ்ட் 28 அன்று, பட்டினியும் கசப்புமாக, இன்னொரு பயங்கர நீரோட்டத்தின் முன் கூட்டம் உடைந்தது. ஹௌலண்ட், அவர் தம்பி, வில்லியம் டன் ஆகிய மூவரும் நடந்தே போகிறோம் என்று பிரிந்தார்கள். மனம் மாறினால் வரட்டும் என்று அவர்களுக்காக ஒரு படகைக் கரையில் விட்டுவிட்டு, மற்ற ஆறு பேரும் (ஒருவர் ஜூலையிலேயே விலகியிருந்தார்) இரண்டு படகுகளில் தாண்டினார்கள். தாண்டியபின் துப்பாக்கி சுட்டு அழைத்துப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. இரண்டே நாளில் ஆறு பேரும் கரை சேர்ந்தார்கள். மேட்டுநிலத்தில் நடந்துபோன மூவரும் கொல்லப்பட்டார்கள். கொன்றது யார் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

விட்டுவைத்த அந்தப் படகு கடமை முடிந்ததற்கு அடையாளமா, முடியாததற்கா? விலகிப் போகிறவன் தன்மேல் மற்றவர்களுக்கு இருந்த பொறுப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறானா? தத்துவ வகுப்பில் ஒரு வருஷம் பேசலாம்.

வட சென்னையில் இதை வகுப்பில் பேசவில்லை, கூலி பேசித் தீர்த்தார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு வர மசூலா படகுதான் கதி. இந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளில் துளையிட்டு, இடுக்கில் நார் திணித்துக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளக்கும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். தண்ணீர் கசியும், இறைக்க ஓர் ஆள் எப்போதும் வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் தண்டு வலிப்பார்கள், தண்டல் பின்னால் நின்று நீளத் துடுப்பால் திசை பிடிப்பார். அலையின் முதுகு வரும்வரை காத்திருந்து, வந்ததும் கூச்சலிட்டு ஒரே மூச்சில் வலிக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும்.

அந்தப் படகைத் தொடர்ந்து ஒன்றோ இரண்டோ கட்டுமரங்கள் வரும். அவற்றில் சரக்கு இல்லை, பயணி இல்லை. மசூலா கவிழ்ந்தால் நீரில் விழுந்தவர்களைப் பொறுக்கி எடுப்பதே அவற்றின் வேலை. சென்னையில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் பலர் தங்கள் பயணக் குறிப்புகளில் இதை வியந்து எழுதியிருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு அரசு பதக்கம் கொடுத்ததையும், மசூலா போக முடியாத நாளில்கூடக் கட்டுமரக்காரர்கள் நீர் புகாத கூம்புக் குல்லாவுக்குள் கடிதம் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனதையும் அந்தக் குறிப்புகளில் காணலாம்.

இங்கேதான் கேள்வி கொஞ்சம் உறுத்துகிறது. கூலி வாங்கிக்கொண்டு, பதக்கத்தை எதிர்பார்த்து, முன்கூட்டியே பேசிவைத்துக் காப்பாற்றினால் அதை அறம் என்று சொல்லலாமா? ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மழையைக் காட்டி, கடமை என்பது பதிலுக்கு ஒன்றை எதிர்பார்ப்பதில்லை என்கிறார். அந்தத் தராசில் கட்டுமரக்காரர் தேறுவாரா?

கடல் சட்டமும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறது. 1910-இல் பிரஸ்ஸல்ஸில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆபத்தில் இருக்கும் கப்பலையோ சரக்கையோ மீட்டவருக்குச் சன்மானம் உண்டு. உயிரைக் காப்பாற்றினால், காப்பாற்றப்பட்டவரிடம் ஒரு காசும் கேட்க முடியாது. உயிருக்கு விலை பேசக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கணக்குப் பார்க்கிற கப்பல்காரனுக்கு அது ஆளைவிடச் சரக்கு லாபம் என்று சொல்லிக்கொடுக்கிறது. அதனால்தான் அதே உடன்படிக்கை, கடலில் உயிருக்குப் போராடுகிறவன் பகைவனாக இருந்தாலும் கப்பல் தலைவன் உதவியே ஆக வேண்டும் என்று விதிக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும்: தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் பெரிய ஆபத்து இல்லாத வரையில்.

2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் மீனவக் குப்பத்துக்காரர்கள் செய்த அதே வேலைதான். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாகக் கேரள அரசு அறிவித்தது. மீனவ இளைஞர் ஒருவர் காணொளியில் பதில் சொன்னார்: சேதமான படகைப் பழுது பார்த்துத் தந்தால் சந்தோஷம், கூடப்பிறந்தவர்கள் போன்றவர்களைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம். நுட்பமான பதில் அது. படகின் செலவு வேறு, உயிரின் கணக்கு வேறு என்று அவர் பிரித்துவிட்டார். முதலாவதை ஊர் பகிர்ந்துகொள்ளலாம். அப்படிப் பார்த்தால் சென்னைக் கட்டுமரக்காரர் வாங்கிய கூலியிலும் குற்றமில்லை. அன்றைக்கு மீனும் சரக்கும் ஏற்றாமல் வெறுமனே பின்தொடர்ந்ததற்கான கூலி அது. அலைக்குள் குதித்ததற்கு எந்தக் கூலியும் ஈடாகாது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த 'வெறுமனே' முக்கியம். லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ராயப்பரின் வலை கிழியும் அளவுக்கு மீன் விழுகிறது. கூட்டாளிகளின் படகைச் சைகை காட்டி அழைக்கிறார்கள். அவர்களும் வருகிறார்கள். இரண்டு படகிலும் மீனை நிரப்பியதில் இரண்டுமே முங்கப் பார்க்கின்றன. அங்கே வந்த உதவியில் மனசுக்குக் குறைவில்லை, படகில்தான் இடம் போதவில்லை. மசூலாவுக்குப் பின்னால் போன கட்டுமரம் காலியாக இருந்தது. அதோடு, கட்டிவைத்த மரத்துண்டுகள் மூழ்குவதும் இல்லை. சட்டம் சொல்லும் 'தனக்குப் பெரிய ஆபத்து இல்லாத வரையில்' என்ற வரம்பை எவ்வளவு தூரம் தள்ளிவைப்பது என்பது கரையில் இருக்கும்போதே முடிவாகிற விஷயம். கடலுக்குள் போனபின் நல்ல மனசு மட்டும் அதை நகர்த்தாது.

சைவ மரபில் இதற்கு நேரெதிரான ஒரு மீனவர் இருக்கிறார். நாகப்பட்டினம் நுளைப்பாடியின் அதிபத்த நாயனார், பிடித்த மீனில் முதலாவதைச் சிவனுக்கென்று கடலில் விடுகிறவர். நாளுக்கு ஒரே மீன்தான் விழுந்தது, அதையும் விட்டார். குடும்பமும் சுற்றமும் பசியில் வாடியும் விட்டார். கடைசியில் பொன் மீன் விழுந்தது, அதையும் விட்டார். நாகையில் இன்றும் ஆவணி மாதம் விழா எடுக்கிறார்கள். பக்தியின் உச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் அந்தத் துறைக்கே தலைவர். தலைவரின் விரதத்துக்குக் கூட வந்தவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா என்ற கேள்வியைப் பெரிய புராணம் தொடங்கிவைத்துவிட்டு மேலே போய்விடுகிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தாரிடம் கேட்டால் யாரும் யாரோடும் வருவதில்லை என்பார். அவர் சொன்னது கடைசிப் பயணத்தை. அவர் சமாதிக்குப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து விடிகாலையில் கிளம்பும் ஃபைபர் படகுகளுக்கு அந்த ஞானம் உதவாது. எஞ்சின் நின்றுபோனால் கயிறு போட்டு இழுத்து வர இன்னொரு படகு வேண்டும்.

1875-இல் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். மெல்ல மசூலாவுக்கும் அதைத் தொடர்ந்த கட்டுமரத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று. வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டி வரை கரையைக் கடல் தின்றது. இன்று அங்கே பாறை கொட்டி வைத்திருக்கிறார்கள். காலியாகப் பின்தொடரும் வழக்கம் எந்தப் புதிய விதியிலும் இடம்பெறாமலே மறைந்தது.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உல்லாசமாகப் போன ஒரு கூட்டத்தாரின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அந்த ஆழமின்மைதான் அசட்டுத் துணிச்சலைக் கொடுக்கிறது. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க நீரின் குணமே வேறு. விபத்துக்குப் பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை போடுவது அரசுக்குச் சுலபம். ஆட்களைப் பிரித்து ஏற்றவும் கூட ஒரு காலிப் படகை அனுப்பவும் வைப்பது கடினம்.

அதே ஏரியில் மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இடத்தில் வலை விரிக்கும் உரிமை யாருக்கு, எந்த நாளில் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பலசாலி முந்திக்கொள்ள முடியாது. இன்று மோசமான இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை நல்ல இடம் வரும்.

பவல் ஏரியிலோ மேட்டூரிலோ ஐந்து படகில் போகத் திட்டமிடுகிற கூட்டத்துக்கு இதுவே பொருந்தும். கடைசிப் படகில் இரண்டே பேர், கூடாரமும் சமையல் சாமானும் கிடையாது, உபரி பெட்ரோலும் இழுவைக் கயிறும் மிதவைச் சட்டைகளும் மட்டும். முன்னே போகிறவர்களின் பாட்டும் கூத்தும் அதற்கு எட்டாது. எல்லாரும் பார்த்து முடித்த பாறையைக் கடைசியாக வந்து பார்க்கும். யாரும் அதில் ஏற விரும்பமாட்டார்கள், அதனால் முதல் நாளே சீட்டுக் குலுக்கி, காலையில் ஒரு ஜோடி, மதியம் ஒரு ஜோடி என்று முறை வைத்துவிட வேண்டும். வாடகையை ஐந்து படகும் சமமாகப் பங்கு போட வேண்டும். நடுவழியில் பிரிந்து போகிறேன் என்பவருக்கு எந்தப் படகை விடுவது, எத்தனை மணி வரை காத்திருப்பது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்.