மருந்துத் தானமும் அபய தானமும்

ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் இந்நான்கனுள் ஒன்று மற்றொன்றோடு மோதும் இடமும் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாறு மோதும் இடம் ஒன்றை ஓசூரில் நம்மவர் இல்லம் ஒன்றில் அண்மையில் கண்டோம். நம் குடும்பத்தார் அனைவரும் சிந்திக்கத் தக்கது என்பதால் அதனை இங்கு எழுதுகின்றோம்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பின் பொருட்டு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்து நிலைபெற்ற குடும்பம் அது. அவ்வீட்டு மகள் மருந்தியல் பட்டம் பெற்றவர். எல்லை கடந்து அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையோரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. பித்தநீர்ச் சுரப்பையும், பழுதுற்ற கல்லீரலையும் பற்றிய ஆய்வு. எலிகளைக் கொண்டு நடப்பது. செய்தி அறிந்த தந்தையார், "நம் வீட்டில் பிறந்த பெண் இந்த வேலைக்குப் போவதா?" என்று வருந்தினார். மகள் அடக்கமாகவே விடை சொன்னார்: "அப்பா, நீங்கள் மூன்று ஆண்டுகளாகச் சாப்பிடும் மாத்திரை எதிலிருந்து வருகிறது என்று என்றைக்காவது கேட்டீர்களா?"

பெரியவர், பித்தநீரின் ஓட்டம் தடைப்படும் கல்லீரல் நோய்க்கு மருந்து உண்டு வருபவர். அம்மருந்தின் பெயர் உர்சோடியாக்சிகோலிக் அமிலம். 'உர்சுஸ்' என்பது இலத்தீனில் கரடியைக் குறிக்கும் சொல். 1927இல் சப்பானில் கரடியின் பித்தத்திலிருந்தே அது படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரைக்குக் கரடி தேவையில்லை. ஆயினும் அதன் மூலப்பொருள் பெரும்பாலும் இறைச்சிக்கூடங்களில் சேகரிக்கப்படும் மாட்டுப் பித்தமே. தாவர மூலப்பொருளிலிருந்து செய்யும் முயற்சிகள் இப்போதுதான் வளர்ந்து வருகின்றன. இதனைக் கேட்ட பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. அங்கிருந்த நாமும் பேசவில்லை.

முதலில் அந்த ஆய்வு எதற்காக என்பதைக் காண்போம். நம் கல்லீரல் நாள்தோறும் முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தநீரைச் சுரக்கின்றது. உண்ட கொழுப்பைக் கரைத்துச் செரிக்கத் துணைபுரிவதும், முதிர்ந்த சிவப்பணுக்கள் சிதைவதால் தோன்றும் மஞ்சள் நிறக் கழிவை வெளியேற்றுவதும் அதன் பணிகள். இவ்வோட்டம் தடைப்பட்டால் மஞ்சள் நிறம் கண்ணிலும் தோலிலும் ஏறும். பித்த உப்புகள் தேங்கிக் கல்லீரலையே அரிக்கும். இதனை அறியவே ஆய்வாளர் எலியை நாடினர். எலிக்குப் பித்தப்பை இல்லை. கல்லீரல் சுரக்கும் பித்தம் தேங்காமல் நேரே குடலுக்குச் செல்கின்றது. ஆகவே அதன் பித்த நாளத்தில் நுண்குழாயைச் செருகினால், சுரக்கும் அளவைத் துளித்துளியாக அளந்துவிடலாம். கல்லீரல் பழுதை அறிய வேண்டுமாயின், கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நஞ்சை ஊட்டி அப்பழுதை உண்டாக்குவர். அல்லது பித்த நாளத்தைக் கட்டிவிடுவர். ஆய்வு முடிந்தபின் அவ்வுயிர் பெரும்பாலும் கொல்லப்படும்.

"நமக்குப் பச்சிலை மருத்துவம் போதும், அதில் இந்தப் பாவம் இல்லை" என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். காமாலைக்குக் கீழாநெல்லி என்பதைத் தமிழ்நாட்டில் அறியாதார் யார்? அந்தக் கீழாநெல்லியின் வரலாற்றையே பார்ப்போம். ஹெப்படைட்டிஸ் பி நச்சுயிரைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் முதலியோர், 1987இல் கீழாநெல்லி இனச் செடியின் சாற்றை வுட்சக் என்னும் வட அமெரிக்க வளைவிலங்குகளுக்குச் செலுத்திச் சோதித்தனர். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், அந்நச்சுயிரைத் தாங்கியிருந்த மக்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துக் கண்ட முடிவை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் நச்சுயிரின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் பல அந்த நன்முடிவை மீண்டும் காட்டவில்லை. இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. பச்சிலையும் விலங்கின் உடல் வழியே வந்திருக்கலாம். பாட்டி சொன்னாள் என்பதனால் மட்டும் ஒரு மருந்தை நோயாளிக்குக் கொடுப்பது ஔஷத தானம் ஆகிவிடாது. சோதித்தறிதலும் கருணையின் ஒரு பகுதியே.

அப்படியாயின் விலங்கின் உயிரைக் கொடுத்துப் பெறும் அறிவேனும் உறுதியானதா? எப்போதும் அன்று. 1993இல் அமெரிக்காவில், ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கென ஃபியாலுரிடின் என்னும் மருந்தை 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தனர். விலங்குகளிடம் அது பெரிய தீங்கு எதையும் காட்டவில்லை. மனிதரில் எழுவருக்குக் கல்லீரல் கடுமையாகப் பழுதுற்றது. ஐவர் இறந்தனர், இருவர் மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பெற்றுப் பிழைத்தனர். எலியின் கல்லீரல் மனிதனின் கல்லீரல் அன்று என்னும் பாடத்தை அம்மக்கள் தம் உயிரால் கற்பித்தனர்.

இனி அறத்தின் பக்கம் வருவோம். இம்சையை நம் ஆசாரியர்கள் மூன்று வழிகளில் ஆராய்ந்தனர்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். குழாயைச் செருகுபவர் செய்பவர். ஆய்வுக்குப் பணம் தருபவர் செய்விப்பவர். மாத்திரையை விழுங்கும் நாம் யார்? உடன்பட்டவர் என்று முற்றிலும் சொல்லிவிட இயலாது. ஏனெனில் நம்மை எவரும் கேட்கவில்லை. தொடர்பே இல்லாதவர் என்றும் சொல்லிவிட இயலாது; ஏனெனில் நாமும் கேட்கவில்லை. கேளாமல் இருத்தல் என்பது கவனமின்மை. இம்சைக்கு வேர் கவனமின்மையே என்பது நம் நூல்களின் துணிபு. இல்லறத்தார்க்குத் துறவியின் மாவிரதம் விதிக்கப்படவில்லை, அணுவிரதமே விதிக்கப்பட்டது. அந்தச் சலுகை நம்மை மன்னிப்பதற்கு மட்டும் அன்று. நாம் இன்னும் எவ்வளவு குறைக்கக்கூடும் என்று நாள்தோறும் அளந்து பார்ப்பதற்கும் ஆகும்.

குறைக்கும் வழிகள் இன்று உள்ளன. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், விலங்குக்கு மாற்று தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்று மூன்று நெறிகளை வகுத்தனர். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ஆய்வுகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழிசெய்தது. 1998இல் வந்த விதிகளின்படி ஆராய்ச்சிக்கூடந்தோறும் விலங்கு நெறிமுறைக் குழு இருத்தல் வேண்டும். 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்துகள் விதிகள், உயிரணு வளர்ப்பு, கண்ணாடிச் சில்லில் வளர்த்த உறுப்பு, கணினிக் கணிப்பு முதலிய விலங்கில்லா முறைகளுக்கும் இடம் தந்துள்ளன. மனிதக் கல்லீரல் உயிரணுக்களைச் சிறு சில்லில் உயிரோடு வைத்து மருந்தின் நஞ்சை அறியும் கருவிகள் இன்று உண்டு. எலி சொல்லத் தவறியதை அவை சொல்லக்கூடும்.

ஆனால் அந்த மனித உயிரணு எங்கிருந்து வரும்? உலகின் பல ஆய்வுக்கூடங்களில் அது, இறந்தவர் உவந்தளித்தும் பிறருக்குப் பொருத்தத் தகுதியற்றுப்போன கல்லீரலிலிருந்தும், அறுவைச் சிகிச்சையில் நோயாளியின் இசைவோடு ஒதுக்கப்பட்ட துண்டிலிருந்தும் வருகின்றது. மோதி நின்ற இரு தானங்களும் கைகோக்கும் இடம் இதுவே என்று நமக்குத் தோன்றுகின்றது. பிறிதோர் உயிரின் உடலை எடுத்து மருந்து செய்வதற்கு மாறாக, உயிர் நீங்கியபின் நம் உடலை நாமே கொடுத்தால், நோயாளிக்கு அது ஔஷத தானம். கூண்டில் உள்ள எலிக்கு அது அபய தானம். உடல் நாம் அன்று, உயிர் தங்கிச் செல்லும் கூடே என்று ஓயாமல் சொல்லும் நாம், அக்கூட்டைக் கொடுக்கத் தயங்குவது பொருந்துமா? தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறைப்படி பெற்றுப் பகிரும் அரசுத் திட்டம் நடந்து வருகின்றது. நம் குடும்பங்களில் எத்தனைப் பேர் அதைப் பற்றி வீட்டில் பேசியிருக்கின்றோம்?

இதனால் விலங்காய்வு நாளையே ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மருந்து உடல் முழுவதும் என்ன செய்யும் என்பதைச் சில்லால் இன்னும் முற்றிலும் காட்ட இயலவில்லை. பெரியவர் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. தன் உடலைப் பேணாது விடுவதும் இம்சையே. தாவர மூலத்தால் ஆனது கிடைக்குமா என்று மருத்துவரை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்றே சொன்னோம். கேட்பவர் பெருகினால் செய்பவரும் பெருகுவர்.

மகளுக்கு நாம் வேலையை விடு என்றோ ஏற்றுக்கொள் என்றோ கட்டளையிடவில்லை. உயிரணு வளர்ப்புப் பிரிவில் இடம் கேட்டுப் பார்க்குமாறு கூறினோம். அது கிடையாவிடில், நெறிமுறைக் குழுவின் முன் வரும் ஒவ்வோர் ஆய்வையும் பற்றி, "இந்த வினாவுக்கு விடை முன்பே கிடைத்துவிட்டதா?" என்று கேட்கும் துணிவு உண்டாயின் செல்லலாம் என்றோம். கருணையுள்ளோர் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டால், அக்கேள்வியைக் கேட்க அங்கே எவர் இருப்பார்?

நாம் விடைபெற்று எழுந்தபோது பெரியவர் மகளிடம் சொன்ன சொல் இன்னும் காதில் உள்ளது: "அம்மா, அந்த உறுப்புத் தானப் படிவம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வா. முதலில் நான் கையெழுத்துப் போடுகிறேன்."