உள்ளங்கை அளவு



தைப்பூசம் முடிந்த மறுநாள் இரவு நம்ம ஊர் மாமாக் கடைகளைக் கவனித்திருக்கிறீர்களா? 48 நாள் விரதம் இருந்து காவடி எடுத்த நண்பர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். நாசி கண்டார், பொரித்த கோழி, மேலே கொட்டிய மூன்று வகைக் குழம்பு, கூடவே பெரிய கிளாஸில் தே தாரிக். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விரதம் எவ்வளவு கடினம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் 48 நாள் சொன்ன பேச்சைக் கேட்ட நாக்கு ஒரே ராத்திரியில் எப்படிக் கை நழுவிப் போகிறது?

எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். நாம் சாப்பாட்டை விளக்கு சுவிட்ச் மாதிரி வைத்திருக்கிறோம். போட்டால் முழுசா எரியும், அணைத்தால் முழு இருட்டு. வீட்டுக் காத்தாடிக்கோ 1 முதல் 5 வரை இருக்கிறது. பொறியியல் படிக்கிறவன் இப்படித்தான் யோசிப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நூல்கள் சுவிட்சைச் சொல்லவே இல்லை. கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில், மிதமிஞ்சி உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்கிறார் கண்ணன். 17-ஆம் அத்தியாயத்தில் சாத்விக உணவுக்கு இலக்கணம் சொல்லும்போது ஆயுள், பலம், ஆரோக்கியத்தோடு மகிழ்ச்சியையும் சேர்க்கிறார். அந்த உணவு சுவையாக இருக்க வேண்டும், மனசுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. சாத்விகம் என்றாலே உப்புச் சப்பில்லாத சாப்பாடு என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! வள்ளுவரும் ‘மருந்து’ என்று தலைப்பு வைத்துவிட்டு, பத்துக் குறளில் ஆறைச் சாப்பாட்டுக்கே கொடுத்திருக்கிறார். பசித்துச் சாப்பிடு, அளவோடு சாப்பிடு. அளவறிந்து உண்பவனிடம் இன்பம் நிலைத்து நிற்கும் என்றும் சொல்கிறார். இன்பத்தை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை.

இதெல்லாம் நமக்கு ஏன் அவசரம்? 2019-இல் நாடு தழுவி எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு.

அந்த மூவரில் ஒருவர் என் அப்பா. 46 வயதில் கண்டுபிடித்தார்கள். அம்மா அன்றைக்கே சீனி டப்பாவை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார். தோசை இல்லை, பாயசம் இல்லை, காலையிலும் ராத்திரியிலும் ஓட்ஸ். அப்பாவும் வாய் திறக்காமல் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் அவர் கார் இருக்கைக்கு அடியில் ரொட்டி சானாய் கட்டிய காகிதம் கத்தை கத்தையாகக் கிடைத்தது. வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் பாட்டிதான் சொன்னார்: “பாயசத்தை நிறுத்தாதே ஆயி, கிண்ணத்தை மாத்து. சாமிக்குப் படைக்கிற கிண்ணத்துல ஊத்திக் குடு.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பாயசம் அந்தச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில்தான். முதலில் சாமிக்கு. பிறகு காய்கறியோடு சாப்பிட்டு முடித்த அப்பாவுக்கு. கிளினிக்கில் உணவு ஆலோசகரிடமும் கேட்டுக்கொண்டோம். மாத்திரையும் சாயந்திர நடையும் தொடர்கின்றன, கிண்ணம் மட்டுமே அதிசயம் பண்ணிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காரில் காகிதம் இல்லை.

யோசித்துப் பார்த்தால் பாட்டி சொன்னது கோவில் வழக்கம்தான். சர்க்கரைப் பொங்கலில் நெய், வெல்லம், முந்திரி எல்லாம் உண்டு. எந்தக் கேக்குக்கும் குறைந்ததில்லை. ஆனால் அது உள்ளங்கையில்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் பிரகாரம் சுற்றியிருப்போம், தீபாராதனைக்குக் காத்திருப்போம், பக்கத்தில் நிற்பவருக்கும் அதே அளவு போகும். காத்திருந்து, படைத்து, பகிர்ந்து, பிறகு கொஞ்சமாகச் சாப்பிடும்போது அந்த ஒரு வாய் எவ்வளவு ருசி! (இரண்டாவது தடவை வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை.) பிரசாதம்தானே, எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது என்பது மட்டும் தவறு. வெல்லமும் குலா மெலாக்காவும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான்.

தே தாரிக்குக்கும் இதே கணக்குப் போடலாம். கெட்டிப்பாலில் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம் ஊற்றினால் 20 கிராம் சர்க்கரை. நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால் 60. ஒரு நாளில் 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காலையில் ஆசைப்பட்டபடி ஒன்று குடியுங்கள். மற்ற நேரத்துக்கு ‘தே ஓ கோசோங்’ சொல்லுங்கள். முதல் வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும்.

வாழை இலைச் சாப்பாட்டையும் விட வேண்டாம். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’வை, அதாவது கால், கால், அரை என்பதை, இலையிலேயே செய்யலாம். பாதி இலைக்குக் காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ. காய்கறி கேட்டால் அண்ணன் மறுபடி வைக்கத்தான் போகிறார். இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரதம் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் பேசிவிடுங்கள். இதில் வீம்பு வேண்டாம்.

இனி நம் தண்ணீர்ப் பந்தல். பத்துமலையில் 272 படி ஏறி இறங்கி, வேர்த்து வருகிற பக்தர் கையில் நாம் கொடுப்பது பெரும்பாலும் சிவப்பு சிராப். வருகிறவர்களில் எத்தனை பேர் என் அப்பாவைப் போன்றவர்கள்! சிராப்பை நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளைகள் ஆசையாகக் குடிப்பார்கள். ஒரு அண்டா சிராப், அதுவும் சின்னக் கப்பில். ஒரு அண்டா நீர்மோர், ஒரு அண்டா வெறும் தண்ணீர். நீர்மோரை முன்னால் வைப்போம். போன கூட்டத்தில் எங்கள் குழு இதற்குச் சம்மதித்துவிட்டது. கறிவேப்பிலை யார் வீட்டு மரத்திலிருந்து என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.