நிழலை அறிந்தவனின் கடமை

2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு முழுச் சந்திர கிரகணம். அன்று பிற்பகலிலேயே திருமலையில் வேங்கடவன் சன்னிதியின் கதவுகள் அடைக்கப்பட்டன; மறுநாள் அதிகாலையில்தான் திறக்கப்பட்டன. திருப்பதியிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள திருக்காளத்தியிலோ வழக்கம் நேர்மாறானது. ராகு கேது தலமாகிய அங்கே கிரகணத்தின்போது நடை சாத்துவதில்லை. அவ்வேளையில் இறைவனுக்கு அபிஷேகமே நடைபெறும். வானம் ஒன்று, நிழலும் ஒன்று, ஆசாரங்கள் இரண்டு. இரு தலங்களையும் ஒரே பயணத்தில் தரிசிக்கும் அன்பர்கள் இதனால் கலங்குவதில்லை.

இவ்விரு தலங்களுக்கும் இடையில் உள்ள ஊர் ஏர்ப்பேடு. 2022இல் பிரிக்கப்படும்வரை இப்பகுதி முழுவதும் சித்தூர் மாவட்டமாகவே இருந்தது. 2015இல் திருப்பதிக்கென நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இன்று ஏர்ப்பேட்டில் இயங்குகிறது. வாயுவும் தூசும் கலந்த மேகங்களிலிருந்து விண்மீன்கள் பிறக்கும் விதத்தை ஆராய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். திருப்பதி நகரில் உள்ள தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்திலோ ஜோதிட சாஸ்திரம் கற்பிக்கப்படுகிறது. வானத்தைப் பயில இந்த மண்ணில் வாயில்கள் பல.

இங்கே வானியற்பியல் பயிலும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். பூமியின் நிழல் சந்திரன்மீது விழுவதே கிரகணம் என்பதை அவன் கணிதத்தால் அறிவான். முழு கிரகணத்தில் சந்திரன் ஏன் மறையாமல் செம்மை பூண்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்: பூமியின் காற்று மண்டலத்தில் வளைந்து சென்ற ஒளியில் சிவப்பு மட்டுமே எஞ்சுகிறது. அந்தச் செம்மையின் அளவைக் கொண்டு நம் காற்றிலுள்ள தூசைக்கூட அவனால் மதிப்பிட முடியும். 1991இல் பினாடுபோ எரிமலை வெடித்தது. அதன்பின் 1992 டிசம்பரில் நிகழ்ந்த கிரகணத்தில் சந்திரன் கண்ணுக்கு அரிதாகும் அளவு இருண்டிருந்தது. இத்தனையும் கற்றவன் விடுமுறையில் வீடு திரும்பி, பாட்டியின் சொற்படி உண்ணாமல், நீராடி, ஜபத்தில் அமர்கிறான். அவன் செய்வது பொய்யொழுக்கமா?

இக்கேள்வி புதிதன்று. கிரகணம் நிழலால் நேர்வது என்பதை ஆரியபடர் கி.பி. 499ஐ ஒட்டி இயற்றிய தம் நூலில் தெளிவாகவே எழுதினார். 628இல் பிரம்மகுப்தர் வேறு வழி சென்றார். ராகு காரணமல்ல என்போரை அவர் கண்டித்தார். வேதமும் ஸ்மிருதியும் அதற்கு எதிர் என்றார். ஆனால் அதே நூலில் கிரகணத்தைக் கணிக்கும்போது நிழலின் அளவைத்தான் கையாண்டார். நிழலுக்குள் ராகு புகுகிறான் என்று ஒரு சமாதானமும் கூறினார். நான்கு நூற்றாண்டுகள் கழித்து இந்நாட்டைப் பற்றி எழுதிய அல்பெரூனி இதைக் கண்டு வியந்தார். இத்தகைய மேதை, உண்மையை அறிந்தும் பிறருக்காக இப்படிப் பேசினாரோ என்று ஐயுற்றார். அந்த ஐயம் சற்றுக் கடுமையானதுதான், ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

நமது ஆசாரியர்கள் அந்தச் சமாதானத்தை வேண்டி நிற்கவில்லை. கண்ணால் அறியத்தக்க விஷயத்தில் சுருதி பிரமாணமாகாது என்பது கீதை உரையில் சங்கரர் கூறும் முடிவு. நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு சுருதிகள் உரைத்தாலும் ஏற்பதற்கில்லை என்ற அளவுக்கு அவர் செல்கிறார். அறிவியலில் கையாளும் ஆராய்ச்சி முறையைச் சமயத்துக்கும் பயன்படுத்த வேண்டும், அதில் நில்லாதது அழியட்டும் என்பதே சுவாமி விவேகானந்தரின் நிலைப்பாடும்.

அப்படியானால் மாணவனின் ஜபம்? ஜபம் எதையும் சாதிக்கவில்லை. எந்தக் கூற்றையும் அது முன்வைக்கவில்லை. வானம் இருளும்போது மனத்தை உள்முகமாக்குவதற்கு நிழலின் காரணத்தை அறியாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பொய் நுழையும் இடம் வேறு. "கிரகணக் கதிர்கள் உணவை நஞ்சாக்கும், இதைப் படித்தவனே சொல்கிறான் பார்" என்று உறவினர் அவனைச் சாட்சிக்கு இழுக்கும்போது அவன் தலையசைத்தால், அதுவே பொய். சந்திர கிரகணத்தில் புதிய கதிர் எதுவும் வருவதில்லை. வழக்கமாக வரும் நிலவொளி குறைகிறது, அவ்வளவே. (சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பது ஆபத்து என்பது உண்மை, ஆனால் அது கண்ணைப் பற்றியது, சோற்றைப் பற்றியதன்று.) ஆசாரத்துக்கு அறிவியல் முத்திரை குத்துவதால் இரண்டுமே மாசுபடுகின்றன.

மௌனம் பிழையாகும் இடமும் உண்டு. சந்திர கிரகணத்துக்கு மூன்று யாமம், அதாவது 9 மணி நேரம், முன்பே உணவை விலக்குவது மரபு. செப்டம்பர் 7 அன்று நிழல் படியத் தொடங்கியது இரவு 9.57க்கு, விலகியது 1.26க்கு. இரண்டையும் கூட்டினால் 12 மணி நேரத்துக்கு மேலாகிறது. கருவுற்ற பெண்ணை இத்தனை நேரம் நீரும் தராமல் இருட்டறையில் வைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. பாலர், முதியோர், நோயுற்றோருக்குத் தர்மசாஸ்திரமே தளர்வு அளிக்கிறது. பயம் அதைக்கூட மறக்கச் செய்கிறது. அந்த வீட்டில் வானியல் கற்றவன் ஒருவன் இருந்து, பெரியவர்களின் மனம் நோகுமே என்று வாய் திறவாதிருந்தால், அதற்கு மரியாதை என்று பெயரிட முடியாது. தான் உண்பதும் உண்ணாதிருப்பதும் அவன் விருப்பம். அந்தப் பெண்ணின் தாகம் அவன் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. அதைக் கேலியின்றி, ஏளனமின்றிச் சொல்ல வேண்டும். நிழலின் கணக்கை அறிந்ததால் அறியாதவரைவிடத் தான் உயர்ந்துவிட்டதாக எண்ணுவதும் ஓர் இருளே.

சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இவ்விரண்டையும் ஒருங்கே காத்தவர். பஞ்சாங்க மரபில் வந்த அவர், 1867இல் தென்வானத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். கண்டதை வைத்துப் பழங்கணிதத்தைத் திருத்த வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். பஞ்சாங்கத்தை அவர் தூக்கி எறியவில்லை. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அந்நிகழ்வை விளக்கிச் சிறு நூல் எழுதி, இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிட்டார். அதை அவர் எழுதியது, ஒரு பண்டிதரும் அவருடைய சித்தாந்தி நண்பரும் உரையாடும் வடிவில்.