வெட்டியவன் ஒருவன், பழி யாருக்கு?

சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. வேலூர் மாவட்டத்து நிலத்தகராறுகள் என்றாவது ஒருநாள் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கியே தீரும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்பவர் கையில் பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் இருக்கும். மனு பலிக்காமல், பேச்சு முற்றி, கை நீண்டுவிட்டால் அதே தகராறு பக்கத்திலுள்ள கோர்ட்டுக்குக் கிரிமினல் வழக்காக வந்து சேரும். அங்கே கேள்வி ஒன்றுதான்: வெட்டியது யார்?

பூமணியின் 'வெக்கை'யில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. 1982இல் வெளிவந்த நாவல் அது. வெட்டியது 15 வயதுச் சிதம்பரம். நிலத்துக்காக அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை எடுத்துவிடலாம் என்று போனவன், ஆளையே கொன்றுவிட்டு ஓடுகிறான். இதெல்லாம் ஆரம்பத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மீதிக் கதை முழுக்க அப்பாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிவதும், சமைத்துத் தின்பதும், பழசைப் பேசுவதும்தான். கடைசியில் கோர்ட்டுக்குக் கிளம்புகிறார்கள். கொலைகாரன் ஒருவனோடு இத்தனை பக்கம் சேர்ந்து நடக்கும் வாசகர், அவன் சாப்பிட்டானா என்று கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்!

ஒருவன் இப்படி ஆவதற்கு யார் பொறுப்பு? திருக்குறளில் இதற்கு ஒரே பதிலைத் தேடினால் கிடைக்காது. 38ஆம் அதிகாரம் ஊழ் என்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, முயற்சி இருந்தால் ஊழையும் புறங்காணலாம் என்கிறது. நடுவில் 46ஆம் அதிகாரம், சிற்றினம் சேராமை. சேர்க்கைதான் அறிவையும் மனத்தையும் செய்கிறது என்பது அதன் வாதம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பள்ளிவாசல்களிலும் இந்தக் கருத்து புதிதல்ல. நல்ல நண்பன் கஸ்தூரி விற்பவனைப் போல, கெட்ட நண்பன் கொல்லனின் துருத்தியைப் போல என்ற நபிமொழியை அங்கே கேட்டு வளராதவர் குறைவு.

ஆனால் சிதம்பரத்திடம் வந்தால் இந்த வாதம் தடுமாறுகிறது. அவனுக்குக் கெட்ட சேர்க்கையே கிடையாது. சூதாட்டக் கும்பல் இல்லை, ரவுடி அண்ணன்மார் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஆத்தா இருக்கிறாள். அய்யா இருக்கிறார். மாமன், சித்தி என்று உயிரை விடும் உறவுகள் இருக்கின்றன. அரிவாளைத் தூக்க வைத்தது அந்தப் பாசம். அண்ணன்மேல் அத்தனை பிரியம் இல்லாதவனாக இருந்திருந்தால் அவன் யாரையும் வெட்டியிருக்க மாட்டான். நம் வீடுகளில் 'சேர்க்கை சரியில்லை' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோமே, அந்தத் தீர்ப்புக்கு இங்கே இடமில்லை. சிற்றினம் என்று யாரையாவது சுட்ட வேண்டுமென்றால் அடுத்தவன் நிலத்தின்மேல் கண் வைத்த வடக்கூரானைத்தான் சுட்ட வேண்டும். அவனோ சிதம்பரம் விரும்பிச் சேர்ந்துகொண்ட ஆள் இல்லை. சேராமலே வந்து வாய்க்கும் இனமும் உண்டு.

அதே அதிகாரம், நிலத்தின் தன்மையால் நீர் திரியும் என்றும் சொல்கிறது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. தோல் கழிவால் உப்பேறிய கிணறுகளைப் பார்த்தவர்கள் அவர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அது பதிவு செய்தது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதும் அந்தத் தீர்ப்பில்தான்.

தண்ணீர் கெட்டால் சட்டம் அதைக் கெடுத்தவனைத் தேடிப் போகிறது. மனிதன் கெட்டால் மட்டும் அரிவாள் பிடித்த கையோடு நின்றுவிடுகிறது. இதுதான் 'வெக்கை' கிளறும் சங்கடம்.

இந்த நாவலை 2019இல் 'அசுரன்' என்று படமாக்கிய வெற்றிமாறன், பாலாற்றின் வடகரையிலுள்ள ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். நாவலில் இல்லாத முன்கதை ஒன்றை அவர் சேர்த்தார். படத்தில் சிதம்பரத்தின் அப்பாவான சிவசாமி இளவயதில் வாங்கித் தந்த செருப்பைப் போட்டு நடந்த குற்றத்துக்காக, அவர் மணக்கவிருந்த மாரியம்மாளை அடித்து, அதே செருப்பைத் தலையில் வைத்து நடக்கவிடுகிறார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களை ஆம்பூர்ப் பெண்கள் தைக்கும் வட்டாரத்தில் அந்தக் காட்சி வேறு மாதிரி உறைத்திருக்கும். சிதம்பரத்தின் கோபத்துக்கு அவன் பிறக்கும் முன்பே ஒரு வரலாறு உண்டு என்று காட்ட இயக்குநருக்கு அந்த ஒரு ஜோடி செருப்பு போதுமானதாக இருந்தது.

அப்படியானால் எல்லாக் கொலைக்கும் ஊரைக் கைகாட்டித் தப்பித்துவிடலாமா? கூடாது. நிலத்தைப் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் அரிவாள் எடுப்பதில்லை. சத்துவாச்சாரியில் மனுவோடுதான் வரிசையில் நிற்கிறார்கள். சிதம்பரம் எடுத்தான். எடுத்தது அவன் முடிவு. அந்த முடிவுக்கு அவனை நெட்டித் தள்ளியதில் பலருக்குப் பங்கு இருந்தாலும், முடிவு அவனுடையது அல்ல என்று ஆகிவிடாது. சட்டமும் இதைக் கொஞ்சம் உணர்ந்தே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றத்தில் பெரியவரைப் போல விசாரிக்க இடமிருப்பது 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களைத்தான். 15 வயதுக்காரன் அதில் சேர மாட்டான்.

படத்தில் மகனின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிவசாமி கோர்ட்டுக்குப் போகிறார். தியேட்டரில் கைதட்டலுக்கு ஏற்ற முடிவு. ஆனால் அது கேள்வியை நாசூக்காக ஒதுக்கிவிடுகிறது. பூமணி பையனையும் கூட நடக்க வைத்தார். 'அசுரன்' பார்த்தவர்கள் அந்தக் கடைசிப் பக்கங்களுக்காகவாவது 'வெக்கை'யை எடுத்துப் படித்துவிடுங்கள்.